விதைப் பையில் இருக்கும் அந்த ஒரு வார்த்தை! சான்று விதை முதல் மரபணுத் திருத்தம் வரை... விவசாயிகள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

விதைக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பை இருக்கு. ஒன்றில் நீல நிற அட்டை, இன்னொன்றில் பச்சை நிற அட்டை. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடைக்காரர் "ரெண்டுமே நல்ல விதைதான் அண்ணே" என்கிறார்.

ஆனால் சட்டத்தின் பார்வையில் இந்த இரண்டு பையும் ஒன்றல்ல. நீல அட்டை போட்ட விதை வளர்ந்த வயலை விதைச்சான்று அலுவலர் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். பச்சை அட்டைக்கு, அதைத் தயாரித்தவர் கொடுக்கும் உறுதிமொழி மட்டுமே சாட்சி. பயிர் பொய்த்துப் போனால் யாரிடம் கேட்பது, எதை வைத்துக் கேட்பது என்பது இந்த வித்தியாசத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறது.

விதை பற்றிய வார்த்தைகள் இப்போது மீண்டும் பேசுபொருளாக இரண்டு காரணங்கள் உண்டு. 2025 மே மாதம் மத்திய அரசு இரண்டு 'மரபணுத் திருத்தம்' செய்த நெல் ரகங்களை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், 1966-ம் ஆண்டு விதைகள் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய விதைகள் மசோதாவின் வரைவை வெளியிட்டு, டிசம்பர் 11 வரை கருத்து கேட்டது. இந்த இரண்டு விவாதங்களிலும் வர்ற வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விதைநெல்லும் நெல்லும் ஒண்ணுதானே?

பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். சாப்பிடப் போனால் தானியம், விதைக்கப் போனால் விதை. ஆனால் தானியத்தை எடை போட்டு விற்கலாம். விதை என்று சொல்லி விற்றால் அதற்குத் தனிச் சட்டம், உரிமம், குறைந்தபட்ச தரம் எல்லாம் உண்டு.

அந்தத் தரத்தில் முக்கியமானது மூன்று. முதலாவது முளைப்புத்திறன்: 100 விதை போட்டால் எத்தனை நல்ல நாற்றாக வரும்? இரண்டாவது புறத்தூய்மை: கல், மண், பதர், களை விதை இல்லாமல் சுத்தமாக எவ்வளவு? மூன்றாவது இனத்தூய்மை: பையில் எழுதிய ரகம்தானா உள்ளே இருக்கிறது?

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். முளைப்புத்திறன் வரம்பு பயிருக்குப் பயிர் மாறும். நெல்லுக்குக் குறைந்தபட்சம் 80 சதவீதம். உளுந்து, பாசிப்பயறுக்கு 75. நிலக்கடலைக்கு 70. வெண்டைக்கு 65. மிளகாய்க்கு 60 சதவீதம்தான். அதாவது 100 வெண்டை விதையில் 35 முளைக்கவில்லை என்றாலும், சட்டப்படி அது தரமான விதைதான்! அதனால்தான் விதை அளவைக் கணக்குப் போடும்போதே முளைப்புத்திறனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

முளைப்பில் குறை இருந்தால் பத்து நாளில் நாற்றங்காலிலேயே தெரிந்துவிடும். இனத்தூய்மையில் குறை இருந்தால்? கதிர் வரும்போதுதான் தெரியும். பாதி வயல் பூத்திருக்கும், மீதி பச்சையாகவே நிற்கும். அதற்குள் உரம், கூலி, மூன்று மாத உழைப்பு எல்லாம் போட்டு முடிந்திருக்கும். விதை வழக்குகளில் பெரிய நஷ்டம் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அட்டையின் நிறம் என்ன சொல்லுது?

ஒரு ரகத்தை உருவாக்கியவர்களிடம் இருக்கும் மூல விதைக்கு 'கரு விதை' என்று பெயர். அதில் இருந்து படிப்படியாகப் பெருக்குகிறார்கள்.

* வல்லுநர் விதை: மஞ்சள் நிற அட்டை. ரகத்தை உருவாக்கிய விஞ்ஞானிகளின் நேரடிக் கண்காணிப்பில் உற்பத்தியாவது.
* ஆதார விதை: வெள்ளை நிற அட்டை. வல்லுநர் விதையில் இருந்து பெருக்கியது.
* சான்று விதை: நீல நிற அட்டை. ஆதார விதையில் இருந்து பெருக்கியது. விவசாயிகள் சாகுபடிக்கு வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.
* உண்மைநிலை விதை: பச்சை நிற அட்டை. இதற்குச் சான்றளிப்புத் துறையின் வயல் ஆய்வு கிடையாது. 'நான் எழுதியிருப்பது உண்மை' என்று உற்பத்தியாளரே உறுதி சொல்கிறார்.

சான்று விதைக்கு வயலில் என்ன பார்க்கிறார்கள்? நெல் ரகம் என்றால் விதை வயலுக்கும் பக்கத்து நெல் வயலுக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி வேண்டும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் இந்த 3 மீட்டர் போதும். வயலில் வேறு ரகச் செடிகள், அதாவது கலவன்கள், 0.20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஆதார விதை என்றால் வரம்பு இன்னும் கடுமை: 0.05 சதவீதம். அறுவடைக்குப் பிறகு மாதிரி எடுத்துப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அதிலும் தேறினால்தான் அட்டை.

அப்படின்னா பச்சை அட்டை மோசமா? இல்லை. தனியார் நிறுவனங்களின் வீரிய ஒட்டு விதைகள் பெரும்பாலும் உண்மைநிலை விதையாகத்தான் விற்கப்படுகின்றன. நல்ல நிறுவனத்தின் விதை நன்றாகவே விளையும். ஆனால் 'இந்த வயலை மூன்றாவது ஆள் ஒருவர் பார்த்தாரா?' என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. விவசாயி வாங்குவது அந்த நிறுவனத்தின் வார்த்தையை.

'ஒட்டு' என்றால் எந்த ஒட்டு?

தமிழில் ஒரு குழப்பம் உண்டு. 'ஒட்டு மாங்கன்று' என்கிறோம். 'வீரிய ஒட்டு தக்காளி' என்கிறோம். வார்த்தை ஒன்று, விஷயம் முற்றிலும் வேறு.

ஒட்டு மாங்கன்றில், நல்ல மாமரத்தின் குச்சியை வேறொரு கன்றின் மேல் வைத்துக் கட்டுகிறார்கள். மேலே வளர்வது தாய் மரத்தின் அச்சு அசல் நகல். கலப்பு எதுவும் நடப்பதில்லை.

வீரிய ஒட்டில் நடப்பது கலப்புதான். இரண்டு வெவ்வேறு பெற்றோர் வரிசைகளை எடுத்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் சேர்த்து விதை எடுக்கிறார்கள். அந்த முதல் தலைமுறைக்குத்தான் 'எஃப் 1' என்று பெயர். பெற்றோர் இருவரையும்விட வேகமாக வளரும், கூடுதலாகக் காய்க்கும் என்பதால் 'வீரிய' ஒட்டு.

சரி, அந்தத் தக்காளியில் இருந்து விதை எடுத்து மறுபடி போட்டால்? 'முளைக்கவே முளைக்காது' என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. முளைக்கும், காய்க்கும். ஆனால் சீராக இருக்காது. கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளில் சோதனை செய்து 1866-ல் எழுதியது இதைத்தான். முதல் தலைமுறை எல்லாம் ஒரே மாதிரி வரும். இரண்டாம் தலைமுறையில் தாத்தா பாட்டியின் குணங்கள் பிரிந்து வெளியே வரும். ஒரு செடி உயரம், ஒரு செடி குட்டை. ஒன்றில் காய் பெரிசு, ஒன்றில் சிறிசு. சந்தைக்கு ஒரே அளவில் காய் அனுப்ப வேண்டிய விவசாயிக்கு அது நஷ்டம். அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் புது விதை வாங்க வேண்டியதாகிறது.

விதையே முளைக்காமல் செய்யும் 'டெர்மினேட்டர்' தொழில்நுட்பம் வேறு. அது உலகில் எங்கும் வணிகரீதியாக விற்பனைக்கு வரவில்லை. இந்தியாவில் அந்தத் தொழில்நுட்பம் கொண்ட ரகத்தைப் பதிவு செய்யவே 2001-ம் ஆண்டு சட்டம் தடை போட்டிருக்கிறது.

வீரிய ஒட்டு அல்லாத சாதாரண 'ரகம்' என்றால் கதை வேறு. கோ 51, ஏடிடி 43 போன்ற நெல் ரகங்களில் இருந்து கலவன் நீக்கி, நன்றாகக் காய வைத்து எடுத்த விதையை அடுத்த பட்டத்துக்கும் போடலாம். பெயரே கொஞ்சம் விவரம் சொல்லும். 'கோ' என்றால் கோயம்புத்தூர், 'ஏடிடி' என்றால் ஆடுதுறை. 'கோ ஆர் ஹெச் 4' என்பதில் வரும் 'ஹெச்', அது வீரிய ஒட்டு நெல் என்பதைக் காட்டுகிறது. வீட்டு விதை வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

'நாட்டு விதை'... சட்டத்தில் அதுக்கு என்ன பெயர்?

சட்டத்தில் 'நாட்டு விதை' என்ற வார்த்தை இல்லை. அதற்கு நெருக்கமாக இருப்பது 'விவசாயிகளின் ரகம்'. விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வயலில் வளர்த்து உருவாக்கியது, அல்லது அவர்களுக்குப் பொதுவாகத் தெரிந்த பழைய ரகம் என்று 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் விளக்குகிறது. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி போன்றவை இந்த வகையில் வரும்.

ஆனால் கோடு எப்போதும் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. கிச்சிலிச் சம்பா என்ற பெயரில் பிரபலமான ஜி.இ.பி. 24 நெல்லை எடுத்துக்கோங்க. கோணமணி என்ற நெல்லில் இயற்கையாக வந்த ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்து, கோயம்புத்தூர் அரசு ஆராய்ச்சி நிலையம் 1921-ல் வெளியிட்டது அது. ஜி.இ.பி. என்றால் 'கவர்ன்மென்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட்', அன்றைய அரசு தாவரவியல் அதிகாரியின் பதவிப் பெயர். ஆய்வு நிலையத்தில் இருந்து வந்த நெல், நூறு ஆண்டில் பாரம்பரிய நெல்லாகவே மக்கள் மனதில் பதிந்துவிட்டது.

மரபணு மாற்றம், மரபணுத் திருத்தம்: என்ன வித்தியாசம்?

இப்போது அதிக சண்டை நடப்பது இந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில்தான்.

மரபணு மாற்றம் என்றால் வெளியில் இருந்து ஒரு மரபணுவைக் கொண்டுவந்து பயிருக்குள் வைப்பது. பிடி பருத்தி இதற்கு உதாரணம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு பருத்திச் செடிக்குள் வைக்கப்பட்டது. காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உற்பத்தி செய்யும். 2002-ல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் விவசாயிகள் வணிகரீதியாகப் பயிரிட அனுமதிக்கப்பட்ட ஒரே மரபணு மாற்றுப் பயிர் இதுதான். பிடி கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் தடை போடப்பட்டது. மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022 அக்டோபரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. ஆனால் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள்.

மரபணுத் திருத்தம் என்பது பயிருக்குள் ஏற்கெனவே இருக்கும் மரபணுவில் குறிப்பிட்ட இடத்தில் சின்ன மாற்றம் செய்வது. சிம்பிளா சொல்லணும்னா, அது புத்தகத்துக்குள் வேறு புத்தகத்தின் பக்கத்தை ஒட்டுவது. இது இருக்கும் வரியில் ஒரு எழுத்தைத் திருத்துவது. இதற்கு 'கிரிஸ்பர்' என்ற தொழில்நுட்பம் பயன்படுகிறது.

2025 மே 4-ம் தேதி மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் அறிவித்த இரண்டு ரகங்களும் இந்த வகை. ஹைதராபாத் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'கமலா', சம்பா மசூரி நெல்லில் இருந்து வந்தது. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'பூசா டிஎஸ்டி ரைஸ் 1', எம்டியூ 1010 நெல்லில் இருந்து வந்தது. கமலாவில் கதிருக்கு மணிகளின் எண்ணிக்கை கூடும், பூசா டிஎஸ்டி உப்பு மண்ணைத் தாங்கும் என்பது விஞ்ஞானிகள் தரப்பு விளக்கம்.

சம்பா மசூரி நமக்குப் புதுசு இல்லை. தமிழ்நாட்டில் 'ஆந்திரா பொன்னி' என்று சொல்லப்படும் பிபிடி 5204 அதுதான். அதன் பெற்றோர் வரிசையில் மேலே சொன்ன ஜி.இ.பி. 24-ம் உண்டு. கோயம்புத்தூரில் 1921-ல் தொடங்கிய ஒரு நெல்லின் வாரிசுதான் இன்று ஹைதராபாத் ஆய்வகத்தில் திருத்தப்பட்டிருக்கிறது.

வார்த்தை ஏன் இங்கே முக்கியம்? மரபணு மாற்றுப் பயிர் என்றால் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு வரை போய், நீண்ட சோதனைகளைத் தாண்ட வேண்டும். ஆனால் வெளி மரபணு இல்லாத இரண்டு வகைத் திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு அந்த விதிகளில் இருந்து விலக்கு கொடுத்தது. 'மாற்றம்' என்ற பெட்டியில் போட்டால் பல ஆண்டு சோதனை. 'திருத்தம்' என்ற பெட்டியில் போட்டால் பாதை குறுகியது.

'வெளி மரபணு இல்லாதபோது, இயற்கையாகவே நிகழக்கூடிய மாற்றத்துக்கு எதுக்கு இவ்வளவு கட்டுப்பாடு?' என்பது ஆதரவாளர்கள் கேள்வி. 'எதிர்பாராத இடத்திலும் வெட்டு விழலாம், முழுப் பரிசோதனை இல்லாமல் எப்படி வயலுக்கு விடலாம்? தொழில்நுட்பத்தின் காப்புரிமை யாரிடம் இருக்கிறது?' என்பது எதிர்ப்பாளர்கள் கேள்வி. இரண்டையும் பேச வேண்டும் என்றால், முதலில் இரண்டு வார்த்தைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் இருக்க வேண்டும்.

சொந்த விதையை விற்கலாமா?

விற்கலாம். 2001-ம் ஆண்டு சட்டத்தின் 39-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. விவசாயி தன் விளைச்சலை, விதை உட்பட, சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. சட்டப் பாதுகாப்புள்ள ரகத்தை 'பிராண்டட் விதை'யாக, அதாவது பையில் அடைத்து அந்த ரகத்தின் பெயரை லேபிள் போட்டு, விற்கக்கூடாது.

இந்தப் பிரிவு எவ்வளவு முக்கியம் என்பதை 2019-ல் குஜராத் பார்த்தது. தன் பெயரில் பதிவான எஃப்எல் 2027 உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதி இல்லாமல் பயிரிட்டதாக, சில விவசாயிகள் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்கு போட்டது. நான்கு விவசாயிகளிடம் தலா 1 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்கப்பட்டது. 39-வது பிரிவைச் சுட்டிக்காட்டி நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்ப, 2019 மே மாதம் நிறுவனம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அந்த ரகத்தின் பதிவை 2021 டிசம்பரில் ஆணையம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தை நீக்கி நிறுவனத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 39-வது பிரிவு அப்படியே இருக்கிறது.

விதை பொய்த்தால் யார் பொறுப்பு?

1966-ம் ஆண்டு சட்டத்தின்படி விதை விதிகளை மீறினால் முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். ஆமாங்க, ஐநூறு ரூபாய்தான். மறுபடி செய்தால் 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதிலும் விவசாயிக்கு இழப்பீடு பற்றி ஒரு வரி கூடக் கிடையாது.

2025 வரைவு மசோதா இந்த இடத்தில் பெரிய மாற்றம் கொண்டுவருகிறது. பெரிய குற்றங்களுக்கு 30 லட்சம் ரூபாய் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. விதைப் பையில் க்யூஆர் கோடு வேண்டும், விவசாயிகளின் ரகம் தவிர மற்ற ரகங்கள் எல்லாம் சோதனைக்குப் பிறகு பதிவாக வேண்டும் என்கிறது. விவசாயி விதை சேமித்து விற்கும் உரிமையும் தொடர்கிறது. ஆனால் அபராதம் அரசுக்குப் போகும். நஷ்டப்பட்ட விவசாயிக்கு நேரடியாக, சீக்கிரமாக இழப்பீடு கிடைக்க வழி எங்கே என்பது விவசாய அமைப்புகள் எழுப்பும் முக்கியமான கேள்வி.

இப்போதைக்கு இருக்கும் வழி நுகர்வோர் நீதிமன்றம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. 2001-ம் ஆண்டு சட்டத்தில் பதிவான ரகம், விற்றவர் சொன்ன விளைச்சலைத் தராவிட்டால் ஆணையத்திடம் இழப்பீடு கேட்கலாம்.

விதை வாங்கும்போது என்ன செய்யணும்?

* அட்டையின் நிறம், ரகத்தின் பெயர், குவியல் எண், பரிசோதனை தேதி, காலாவதி தேதி எல்லாவற்றையும் படியுங்க. சான்று விதைக்குப் பரிசோதனை தேதியில் இருந்து 9 மாதம்தான் கெடு. மறு பரிசோதனையில் தேறினால் நீட்டிப்பார்கள்.
* பில் கேட்டு வாங்குங்க. அதில் ரகமும் குவியல் எண்ணும் இருக்கணும். துண்டுச் சீட்டு எந்த நீதிமன்றத்திலும் உதவாது.
* பையையும் அட்டையையும் தூக்கிப் போடாதீங்க. அறுவடை வரை பத்திரமாக வைங்க. போனில் போட்டோவும் எடுத்துக்கோங்க.
* ஒரு கைப்பிடி விதையைத் தனியாக எடுத்து வைங்க. பிரச்சினை வந்தால் பரிசோதனைக்கு அதுதான் ஆதாரம்.
* சந்தேகம் இருந்தால் விதைக்கும் முன்பே மாவட்ட விதைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து முளைப்புத்திறன் பாருங்க.
* வயலில் கலப்பு தெரிந்தால் உடனே எழுத்துப்பூர்வமாக விதை ஆய்வாளரிடமும் வேளாண் அலுவலகத்திலும் புகார் கொடுங்க. பயிரை அழித்த பிறகு யாராலும் ஆய்வு செய்ய முடியாது.

'நல்ல விதை' என்ற வார்த்தைக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. 'சான்று விதை', 'உண்மைநிலை விதை', 'விவசாயிகளின் ரகம்', 'வீரிய ஒட்டு' என்ற வார்த்தைகளுக்கு உண்டு. அடுத்த முறை கடைக்காரர் "நல்ல விதைதான் அண்ணே" என்று சொன்னால், "என்ன விதை?" என்று ஒரு தடவை திருப்பிக் கேளுங்க.